பிரஷர் மெஷினுக்கும் ஜெயராணிக்கும் நடுவில் ஒரு ரிப்பன்

மைக் பிடிக்கக் கூப்பிட்டால் நான் போய்விடுவேன். இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது தெரியும். கல்யாணம், கோயில் திருவிழா, கடைத் திறப்பு, கிரிக்கெட் மேட்ச்... "செத்த வீட்டுல மட்டும்தான் இன்னும் உங்களுக்கு மைக் குடுக்கல" என்பாள் என் மனைவி.

போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது.

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். கண்டியில் தெல்தோட்டை பஸ்ஸில் ஏறி, தெல்தோட்டைக்குக் கொஞ்சம் முன்னாலோ கொஞ்சம் பின்னாலோ இறங்க வேண்டும். அவ்வளவுதான் சொல்வேன். சின்ன ஆஸ்பத்திரி. சுற்றிவரத் தேயிலைத் தோட்டங்கள்.

கூப்பிட்டவர் ஆஸ்பத்திரி அபிவிருத்திக் குழுவின் செயலாளர் சண்முகராஜா. ஹார்ட்வெயார் கடைக்காரர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன். கொஞ்ச நேரத்தில் நீங்கள் மறந்துவிடுவீர்கள்.

"அண்ணே, நம்ம ஆஸ்பத்திரிக்கு விஓஜி டொக்டர் வரப்போறாங்க! மாசத்துக்கு ரெண்டு புதன்கிழமை. பிரஷர், சீனி, ரெட்டைப் புள்ள... கஷ்டமான கேஸ் எல்லாம் இனி கண்டிக்கு அலைய வேணாம். இங்கயே பாத்துருவாங்க. திறப்பு விழாவை நீங்கதான் நடத்தித் தரணும்."

விஓஜி என்றால் பிள்ளைப்பேறு பார்க்கிற விசேட நிபுணர். அவர் அந்த மலைக்கு ஏறி வருவது சின்ன விஷயமா?

யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு வயிற்றில் பிள்ளையோடு பிரஷரும் சேர்ந்து வந்துவிட்டால் இதுவரை என்ன நடந்தது? லயத்திலிருந்து, அதாவது தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து, ரோட்டுக்கு நடை. ரோட்டில் பஸ்ஸுக்குக் காத்திருப்பு. பிறகு கண்டி வரைக்கும், வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு, நின்றபடி பயணம். அங்கே வரிசை. திரும்பவும் அதே பஸ், அதே வளைவு, அதே கம்பி. பிரஷரைக் குறைக்கப் போய், ஏற்றிக்கொண்டு வருகிற பயணம். பாதிப் பேர் இரண்டாம் தடவை போவதேயில்லை. "கண்டி கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று தோட்டத்து மிட்வைஃப் மிஸ் கேட்டால், "போனேன் மிஸ்" என்று தலையை ஆட்டிவிட்டுக் கொழுந்துக் கூடையைத் தூக்கிக்கொள்வார்கள்.

ஆகவே இது நல்ல வேலை. மிக நல்ல வேலை. இதை நடத்திக் காட்டியவர்களின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஆனால் நம் ஊரில் ஒரு நல்ல வேலை தொடங்கும் முன்னால் ஒரு விழா வந்து குறுக்கே நின்றுகொள்கிறதே... அந்த நோய்க்கு எந்த நிபுணரைக் கூப்பிடுவது?

நான் காலை எட்டு மணிக்குப் போனேன். வாசலில் வாழைமரம். தென்னங்குருத்துத் தோரணம். ஒரு பக்கத்தில் பான்ட் வாத்தியக் கோஷ்டி. ஆஸ்பத்திரி அம்பியுலன்ஸைக் கழுவித் துடைத்து, அதற்கும் ஒரு செவ்வந்தி மாலை போட்டு வைத்திருந்தார்கள். தாதிமார், சிற்றூழியர்கள், மிட்வைஃப் மிஸ் என்று பாதி ஆஸ்பத்திரி வெள்ளை உடுப்பில் வாசலில் வரிசையாக நின்றது. கையில் வெற்றிலை. பிரதம அதிதிக்குக் கொடுக்க.

கிளினிக் அறைக்குப் புது பெயின்ட். உள்ளே ஸ்கேன் மெஷின், கட்டில், புத்தம்புது பிரஷர் மெஷின். அறைக்கு ஒரே ஒரு கதவு. அந்தக் கதவுக்குக் குறுக்கே, சரியாக இடுப்பளவில், ஒரு சிவப்பு ரிப்பன். நடுவில் பெரிய பூ முடிச்சு.

கதவுக்கு முன்னால் பந்தல். பந்தலின் முன்வரிசையில் வெள்ளைத் துணி போர்த்திய கதிரைகள், அதிதிகளுக்கு. அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரைகள், குழு உறுப்பினர்களுக்கும் அவர்களுடைய குடும்பங்களுக்கும். அதற்கும் பின்னால், பந்தல் துணி முடிகிற இடத்துக்கு அப்பால், ஒரு நீட்டு வாங்கு, மரப்பெஞ்சு. அதில் பதினொரு கர்ப்பிணிகள்.

அவர்களை ஏழரைக்கே வரச் சொல்லியிருந்தார்கள். நல்ல சேலை கட்டி.

என் கையில் நிகழ்ச்சி நிரல். "முதல் தாய்க்குப் பரிசுக்கூடை வழங்கல்" என்று ஓர் இடம். முதல் தாயின் பெயர் காலி. அதைக் கேட்கப் போனபோது செயலாளரும் மிட்வைஃப் மிஸ்ஸும் வாக்குவாதத்தில் இருந்தார்கள்.

"சேர், ஜெயராணிதான் முதல் இலக்கம். எட்டு மாசம். கார்டைப் பாருங்க, சிவப்புக் கோடு போட்டிருக்கேன்" என்றார் மிஸ்.

"ரெண்டு புள்ள தங்காத பொண்ணுல்ல மிஸ் அது? நல்ல காரியம் தொடங்குற நேரத்துல... வேற ஆள் பாருங்களேன். அந்த டீச்சர் பொண்ணு இருக்கே, சிரிச்ச முகம், போட்டோவுக்கும் நல்லா இருக்கும்."

"அவங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லையே சேர்! சும்மா விழா பாக்க வந்திருக்காங்க."

"அதுதானே நல்லது!"

கவனித்தீர்களா? ஆபத்தான நிலையிலுள்ள தாய்மாருக்கான கிளினிக். அதில் முதல் நோயாளியாகச் சேருவதற்கு ஒரே தகுதி — நோய் இருக்கக் கூடாது!

நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? டீச்சரின் பெயரைக் கேட்டு, எழுத்துப் பிழையில்லாமல் குறித்துக்கொண்டேன்.

சுபநேரம் ஒன்பது நாற்பத்திரண்டு. அது வந்தது. நின்று பார்த்தது. போய்விட்டது. பிரதம அதிதி வரவில்லை. அவர் கம்பளையில் இன்னொரு கட்டிடத்தைத் திறந்துகொண்டிருந்தார். ஒரே காலையில் இரண்டு ரிப்பன்! உழைப்பாளி.

"பேசிக்கிட்டே இருங்கண்ணே. சனம் கலைஞ்சிரும்" என்றார் சண்முகராஜா.

பேசினேன். தாய்மையின் மகத்துவம் பற்றிப் பேசினேன். பத்து மாதம் சுமப்பது பற்றிப் பேசினேன். உலகத்தில் தாய்க்கு நிகர் ஏது என்று கேட்டேன். முன்வரிசையில் இருந்த வெள்ளைத் துணிக் கதிரைகள் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தன.

ஒரு மூச்சு விட்ட இடைவெளியில் ஒரு பெண் நேரே மைக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கொழுந்து பறிக்கிற கைகள், பார்த்தாலே தெரியும்.

"ஐயா, நீங்கதானே பேசுறது?"

"ஆமாம்மா" என்றேன். பாராட்டு வருகிறது என்று நினைத்தேன்.

"கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? எந்தங்கச்சிக்கு விடிஞ்சதுல இருந்து தலைவலி. உங்க ஸ்பீக்கர் அவ தலைக்கு மேலதான் கட்டியிருக்கு. கண்ணுக்குள்ள வேற மின்னி மின்னித் தெரியுதாம்."

"தங்கச்சி யாரும்மா?"

"ஜெயராணி."

பெயர் காதில் விழுந்ததும் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "மிஸ்கிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"மிஸ் வாசல்ல வெத்தலையோட நிக்கிறாங்க. அதிதி வர்ற வரைக்கும் வரிசையை விட்டு வரக் கூடாதாம். எப்பவும் பாக்குற ஜன்னல்ல போய்ச் சொன்னேன். கிளினிக் அம்மாமார இனிமே கிளினிக்லதான் பாப்பாங்களாம். கிளினிக்குக்குப் போனா ரிப்பன் கட்டியிருக்கு. நாங்க எங்கதான் போறது?"

போன வாரம் வந்திருந்தால் அந்த ஜன்னலில் யாராவது பிரஷர் பார்த்திருப்பார்கள். விசேட கிளினிக் வந்ததால் ஜன்னல் மூடிவிட்டது. விசேட கிளினிக்கோ விழா வந்ததால் மூடிக் கிடந்தது. வைத்தியம் மக்களின் காலடிக்கு வந்து, காலடியிலேயே தடுக்கி விழுந்த கதை இது.

நான் செயலாளரைப் பார்த்தேன். அவர் தூரத்தில் நின்று, நிறுத்தாதே என்று கையைச் சுழற்றினார்.

நான் நிறுத்தவில்லை.

சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தேன். எவ்வளவு பெரிய தியாகம்!

அவள் பெயர் பார்வதி என்பது பிறகுதான் தெரியும். திரும்பிப் போகும்போது யாருக்கென்றில்லாமல் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். மனிதர்கள் சொல்வதைப் பொறுக்கிச் சேர்ப்பது என் வழக்கம். இதைப் பொறுக்க வேண்டியிருக்கவில்லை; வந்து தைத்தது.

"வாயி இருக்கிறவங்க பந்தல்ல. வயிறு இருக்கிறவங்க வெயில்ல."

பத்து மணி தாண்டியிருக்கும். நாற்பது வயதுப் பெண் ஒருவர் வாசலால் நடந்து வந்தார். பருத்திச் சேலை. தோளில் ஒரு பை. கையில் தண்ணீர்ப் போத்தல். ஆஸ்பத்திரி வளவுக்குள் அதிதிகளின் வாகனங்களுக்கு மட்டும்தான் இடம் என்று சொல்லிவிட்டார்களாம். தன்னுடைய சின்னக் காரை ரோட்டில் விட்டுவிட்டு நடந்து வந்திருக்கிறார். வெற்றிலை வரிசை அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவர் வந்து வெள்ளைத் துணிக் கதிரை ஒன்றைத் தொட்டதும் சண்முகராஜா பாய்ந்து வந்தார்.

"அம்மா, அது அதிதிகளுக்கு! கிளினிக்குக்கு வந்தவங்க பின்னால வாங்குல உக்காருங்க."

அந்தப் பெண் ஒரு கணம் செயலாளரைப் பார்த்தார். சிரித்த மாதிரியும் இருந்தது, சிரிக்காத மாதிரியும் இருந்தது.

"ஓம்" என்றார். பின்னால் போய், வாங்கின் கடைசியில், ஜெயராணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊகித்துவிட்டீர்கள்தானே? அவர்தான் விஓஜி டொக்டர்.

எங்கள் அத்தனை ஏற்பாட்டிலும் உருப்படியாக நடந்தது இந்தத் தவறு ஒன்றுதான். அவரை ஆள் தெரிந்து, மாலை போட்டு, முன்வரிசையில் உட்காரவைத்திருந்தால் என்ன கண்டிருப்பார்? என் முகத்தைத்தான் கண்டிருப்பார். வாங்கில் உட்காரவைத்தபடியால் ஜெயராணியின் காலைக் கண்டார்.

நான் மைக்கைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குனிந்தார். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே இருந்திருக்க வேண்டும். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டை வாங்கினார். ஏதோ கேட்டார். ஜெயராணி நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். பிறகு நெஞ்சுக்குக் கீழே தொட்டுக் காட்டினாள். டொக்டர் எழுந்துவிட்டார்.

ஒரு பக்கம் டொக்டரும் மறுபக்கம் பார்வதியும் பிடித்துக்கொள்ள, அவள் பந்தலின் நடுவால் நடந்து வந்தாள். எனக்கு முன்னாலேயே கதவு. கதவில் ரிப்பன்.

"அம்மா, அம்மா! எங்க போறீங்க? இன்னும் திறக்கல!" என்று ஓடி வந்தார் சண்முகராஜா.

"நான்தான் இண்டைக்குக் கிளினிக் பாக்க வந்த டொக்டர். இதை எடுங்கோ."

செயலாளரின் முகத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. நல்ல மனிதர் என்று ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

"டொக்டர்... மன்னிச்சிருங்க... தெரியாம... அதிதி கலஹா தாண்டிட்டாராம். பத்தே பத்து நிமிஷம்..."

"இந்தப் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் இருக்கோ எண்டு எனக்குத் தெரியாது. வலிப்பு வந்துதெண்டா தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. கத்தரிக்கோல் எங்க?"

கத்தரிக்கோல் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தது. வெள்ளித் தட்டில், வெல்வெட் துணியின் மேல், பிடியில் தங்கத்தாள் சுற்றி. எடுத்துக் கொடுத்தேன். டொக்டர் வைத்து அழுத்தினார். ரிப்பன் மடிந்தது. வெட்டுப்படவில்லை. மறுபடி அழுத்தினார். மறுபடி மடிந்தது. அலங்காரக் கத்தரிக்கோல், பாருங்கள். அதிதியின் கையில் அழகாக இருப்பதற்காக வாங்கியது. வெட்டும் என்று யார் சொன்னது?

எட்டு மாத வயிற்றோடு குனிந்தும் போக முடியாது. தாண்டியும் போக முடியாது.

"தள்ளுங்க" என்றாள் பார்வதி.

தங்கச்சியை டொக்டரிடம் விட்டுவிட்டு, கதவு நிலையில் இருந்த முடிச்சில் கையை வைத்தாள். இரண்டே விரல். கொழுந்து கிள்ளுகிற மாதிரி ஒரு அசைவு. ரிப்பன் தரையில் கிடந்தது.

அதுதான் திறப்பு விழா. நேரம் பத்து பதினெட்டு. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

உள்ளே போனார்கள். மிட்வைஃப் மிஸ் வெற்றிலையை அப்படியே வாழைமரத்தடியில் போட்டுவிட்டு வரிசையை உடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் உள்ளே நுழைந்ததும் டொக்டர் சொன்ன எண் எனக்கே கேட்டது: "நூற்றியெழுபது... நூற்றிப்பத்து." எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் அந்த அறைக்குள் அதன் பிறகு யாரும் நடக்கவில்லை, எல்லோரும் ஓடினார்கள். பிரஷரைக் குறைக்க மருந்து. வலிப்பு வராமலிருக்க ஊசி. கண்டிக்குக் கோல் எடுத்து, ஆள் வருகிறது, தயாராக இருங்கள் என்று தகவல்.

அம்பியுலன்ஸ் கிளம்பியது. மாலையைக் கழற்ற யாருக்கும் தோன்றவில்லை.

அப்போதுதான் அவர் வந்தார். பிரதம அதிதி.

ஒன்றன் பின் ஒன்றாக நான்கு வாகனங்கள். வாசலோ ஒரு வாகனத்துக்குத்தான் அகலம். வெளியே நான்கு வாகனங்களின் முகம். உள்ளே செவ்வந்தி மாலையோடு அம்பியுலன்ஸின் முகம். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பான்ட் கோஷ்டியிடம், மாலை போட்ட வாகனம் வாசலுக்கு வந்ததும் வாசியுங்கள் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் கடமை தவறாதவர்கள். ஜெயராணிக்காக முழு மூச்சோடு வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்!

முன் வாகனத்தில் இருந்தவர் ஹோர்ன் அடித்தார். அம்பியுலன்ஸ் டிரைவர் சைரன் போட்டார். செயலாளர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் கும்பிட்டார்.

என் கையில் மைக் இருந்தது.

"அம்பியுலன்ஸுக்கு வழி விடுங்க! வாகனங்களைப் பின்னால எடுங்க! உள்ள ஒரு தாய் இருக்கு, அவசரம்!" என்று கத்தினேன். அதையே சிங்களத்திலும் சொன்னேன். "அம்பியுலன்ஸ் எகட இட தென்ன!" மலை முழுக்கக் கேட்டிருக்கும்.

நான்கு வாகனங்களும் பின்னால் போயின. ஒன்று சாக்கடையில் ஒரு டயரை விட்டது. அம்பியுலன்ஸ் வெளியேறியது.

அரை மணித்தியாலத்துக்கு மேல் பேசியிருக்கிறேன். பிரயோசனமானது அந்த மூன்று வசனமும்தான்.

பிறகு என்ன? விழாதான். அதை நிறுத்த முடியுமா? கீழே கிடந்த ரிப்பனை எடுத்துத் தூசி தட்டினார்கள். முடிச்சுப் போட ஆள் தேடினார்கள். பார்வதி வாசலில் நின்றாள். நோயாளியோடு மிட்வைஃப் மிஸ்தான் போக வேண்டியிருந்தது, அடுத்த பஸ்ஸில் இவள் போக வேண்டும்.

"குடுங்க, நானே கட்டிட்டுப் போறேன். அவரு வெட்டட்டும். நம்மளுக்கு வர்றத எல்லாம் வெட்டி அவருக்கு நல்ல பழக்கம்தானே" என்றாள்.

கட்டியும் கொடுத்தாள். உள்ளே டொக்டர் மற்றப் பத்துப் பேரையும் பார்க்கத் தொடங்கியிருந்தார். ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வெளியே ரிப்பன் கட்டித் திறக்கப்பட்ட கிளினிக் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். கத்தரிக்கோல்? நோயாளர் வாட்டிலிருந்து பிளாஸ்டர் வெட்டுகிற கத்தரிக்கோல் கொண்டுவந்தார்கள். பிரதம அதிதி வெட்டினார். கைதட்டினோம். பெயர்க்கல் திரைநீக்கம். டீச்சர் சிரித்த முகத்தோடு பரிசுக்கூடை வாங்கினார். "இனி இந்த மண்ணில் ஒரு தாயும் காத்திருக்க மாட்டாள்" என்று அதிதி முழங்கினார். வாங்கில் காத்திருந்த தாய்மாரும் கைதட்டினார்கள். பட்டிஸ், கட்லட், வாழைப்பழம்.

மூன்று மணிக்குக் கிளினிக் முடிந்து டொக்டர் கை கழுவ வெளியே வந்தார். நான் மெல்லப் போய் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றேன்.

"நல்லாப் பேசினியள். எல்லாம் கேட்டனான்" என்றார். "தாய்மை, தியாகம், எல்லாம் சொன்னியள். 'கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம் — இருந்தா இப்பவே எழும்பி வந்து சொல்லுங்கோ' எண்டு ஒரு வசனம் சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். இப்போது சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டில் வயிற்றில் பிள்ளையோடு யாராவது இருந்தால் மேலேயுள்ள வரியை மறுபடி வாசியுங்கள். மீதியை மறந்தாலும் பரவாயில்லை.

எனக்கு அன்றிலிருந்து ஒரு கேள்வி. ஒரு டொக்டர், ஒரு மெஷின், ஒரு கட்டில், ஒரு மிஸ். இவ்வளவும் இருந்தால் கிளினிக் தொடங்கிவிட்டது. கதவில் ஒரு தாளை ஒட்டி, "புதன்கிழமை டொக்டர் வருவார், எட்டு மணிக்கு வாங்க" என்று எழுதினால் போதாதா? போதாது. நமக்கு எதையும் யாராவது வந்து திறக்க வேண்டும். திறக்கிறவர் வரும்வரை அது மூடியிருக்க வேண்டும். மூடியிருக்கும் நேரத்தில் யாருக்காவது வலி வந்தால், அவள் நல்ல சேலை கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். மைக் பிடிக்க என்னைப் போல ஒருவன் எப்போதும் கிடைப்பான்.

போன புதன்கிழமை மறுபடி அந்தப் பக்கம் போனேன். பெயர்க்கல் பளபளக்கிறது, திறந்து வைத்தவர் பெயர், தங்க எழுத்தில். மிஸ்ஸிடம் கெஞ்சிக் கிளினிக் புத்தகத்தின் முதல் பக்கத்தைப் பார்த்தேன். முதலாம் இலக்கத்துக்கு நேரே டீச்சரின் பெயர் இல்லை. ஜெயராணி. நேரம்: பத்து பதினெட்டு. மிஸ்ஸின் கையெழுத்து கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்திருந்தது. சண்முகராஜாவும் அங்கே நின்றார். வாங்கைச் சுவரோரம் நகர்த்தி, அதற்கு மேல் தகரம் அடித்துக்கொண்டிருந்தார். தன் கடைத் தகரம். என்னைக் கண்டதும் சுத்தியலைக் கீழே வைக்கவில்லை. நல்ல மனிதர் என்று முதலிலேயே சொன்னேனே!

முந்தாநாள் ஒரு கோல். தெரியாத நம்பர்.

"ஐயா, பார்வதி பேசுறேன். ஸ்பீக்கரு ஐயாதானே?"

"சொல்லும்மா. தங்கச்சி...?"

"நல்லா இருக்கா. அன்னைக்கு ராவே ஒப்பரேசன் பண்ணி எடுத்துட்டாங்க. பொம்பளப் புள்ள. உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு, கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. நேத்துத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். பால் குடிக்குது, கத்துது. உங்க சத்தம் பொறுக்காமத்தான் அவசரப்பட்டு வந்திருச்சுன்னு லயத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க."

நானும் சிரித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழம பேரு வைக்கிறோம். நீங்க கட்டாயம் வரணும். உங்க வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்க, வந்து சாப்பிட்டுட்டுப் போகணும்" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, மரியாதையாகத்தான் சொன்னாள்:

"பேச மட்டும் வேணாம் ஐயா. புள்ள தூங்கும்."